கம்போடியாவில் முதல் இரண்டு நாள்கள்: குழுவாகச் செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

அங்கோர் வாட்டைக் காண்பதற்காகக் குழுவாகக் கம்போடியாவுக்குச் செல்லும் தமிழர்கள் கோயில்களைப் பற்றி முன்கூட்டியே நிறையப் படித்துக்கொள்கிறார்கள். அந்த நாட்டைப் பற்றிப் பெரும்பாலும் எதுவும் படிப்பதில்லை. அதனால் விமான நிலையத்திலிருந்து விடுதிக்குச் செல்லும் ஒரு மணி நேரத்திலேயே, சன்னலுக்கு வெளியே தெரியும் மரவீடுகளையும் செம்மண் பாதைகளையும் வைத்து ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். தனியாகச் சென்றவருக்கு அந்த முடிவு மறுநாளே மாறிவிடக்கூடும். குழுவாகச் சென்றவர்களுக்கு அது எளிதில் மாறுவதில்லை. ஒருவர் “பாவம், ரொம்பக் கஷ்டப்படுகிற ஜனங்கள்” என்பார். இன்னொருவர் “நம்ம ஊர் முப்பது வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் இருந்தது” என்பார். பேருந்து விடுதி வாசலில் நிற்பதற்குள் அது எல்லோருடைய கருத்தாகவும் ஆகிவிடும். அதன்பின் காண்பவை யாவும் அந்தக் கருத்துக்குச் சான்றுகளாகவே தெரியும்.

கம்போடியாவின் வறுமை கற்பனையன்று. ஐக்கிய நாடுகள் அவையின் மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் அது இன்னும் இருக்கிறது. 2029 டிசம்பரில் அப்பட்டியலிலிருந்து வெளியேற நாள் குறிக்கப்பட்டுள்ளது. ஆனால் வந்து இறங்கியவுடன் நம் கண்ணில் படுவது எது, அதில் வறுமை எது, வெறும் வாழ்முறை எது என்று பிரித்தறிய முதல் நாளில் நமக்குத் தகுதியில்லை. ஆகவே முதல் இரண்டு நாள்களைக் குழுத் தலைவர் திட்டமிட்டு நடத்த வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அங்கோர் கோயில்களுக்கு அருகிலுள்ள சியாம் ரீப் நகரில் வந்திறங்கும் பதினைந்து, இருபது பேர் கொண்ட குழுவை மனத்தில் வைத்துக் கீழ்க்காணும் படிகளை எழுதியுள்ளேன்.

முதற்படி: புறப்படுவதற்கு முன் ஒரு மாலைக் கூட்டம்

குழுவினர் அனைவரும் ஒருமுறை கூடி அமர்ந்து பேசியாக வேண்டும். பெட்டியில் என்ன எடுத்துவருவது என்பதைப் பற்றி மட்டும் பேசிக் கலைந்துவிடக் கூடாது. அந்த நாட்டின் அண்மைக்கால வரலாற்றை அரை மணி நேரமாவது சொல்ல வேண்டும். 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் படையினர் தலைநகர் நோம் பென்னைக் கைப்பற்றி, நகர மக்கள் அனைவரையும் வயல்வெளிகளுக்கு விரட்டினார்கள். 1979 ஜனவரியில் வியத்நாம் படைகள் அவர்களை வீழ்த்துவதற்குள் கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் இறந்தவர்கள் பதினைந்து இலட்சத்துக்கும் இருபது இலட்சத்துக்கும் இடைப்பட்டவர்கள் என்று மதிப்பிடப்படுகிறது; அது அன்றைய மக்கள்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேல். ஆசிரியர்களும் மருத்துவர்களும் பிக்குகளும் குறிவைத்து அழிக்கப்பட்டார்கள். பள்ளிகள் மூடப்பட்டன, பணமே ஒழிக்கப்பட்டது. அதன் பிறகும் உள்நாட்டுப் போர் 1990களின் இறுதி வரை ஓயவில்லை. இவ்வளவையும் அறிந்தவருக்கு, சாலையோரத்தில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவரைக் காணும்போது அவர் எதையெல்லாம் கடந்து வந்து அங்கே நிற்கிறார் என்று எண்ணத் தோன்றும்.

அதே கூட்டத்தில் ஆவணங்களையும் முடித்துவிடலாம். சுற்றுலா விசாவின் அடிப்படைக் கட்டணம் 30 டாலர். இறங்கிய பின்னும் பெறலாம் என்றாலும், குழுவுக்கு இணையவழியில் முன்னதாகப் பெறுவதே நல்லது. இல்லையெனில் வரிசையில் நான்கு பேர் சிக்கிக்கொள்ள, மற்றவர்கள் வெளியே காத்திருந்து களைத்துப்போவார்கள். விமானத்தில் வருவோர் ‘இ-அரைவல்’ என்னும் மின்வருகைப் படிவத்தையும் நிரப்ப வேண்டும்; அதற்குக் கட்டணம் இல்லை, எனவே கட்டணம் கேட்கும் இணையதளங்களை நம்ப வேண்டாம். தாய்லாந்து வழியாகத் தரைமார்க்கமாக நுழையும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். 2025 ஜூலையில் இரு நாட்டுப் படைகளும் எல்லையில் மோதிக்கொண்டன, அங்கே நிலைமை எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடியது.

இரண்டாம் படி: விமான நிலையமும் அந்த ஒரு மணி நேரமும்

சியாம் ரீப்-அங்கோர் பன்னாட்டு விமான நிலையம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. சீன முதலீட்டில் எழுந்த பெரிய, பளபளப்பான கட்டடம். நகரத்திலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளி வயல்களுக்கு நடுவே நிற்கிறது. அதிலிருந்து வெளியேறிச் சில நிமிடங்களிலேயே கிராமங்கள் தொடங்கிவிடுவதால் அந்த வேறுபாடு கண்ணை உறுத்தும். குழுவின் பேச்சு திசைமாறுவது பெரும்பாலும் இந்தச் சாலையில்தான். ஆகவே உள்ளூர் வழிகாட்டியை விடுதியில் சந்திப்பதாக வைத்துக்கொள்ளாமல், விமான நிலையத்திலேயே பேருந்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டி விளக்க வேண்டியவற்றில் முதலாவது வீடுகள். கம்பங்களின் மேல் உயர்ந்து நிற்கும் மரவீட்டைப் பார்த்தவுடன் கல்வீடு கட்ட வசதியில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மழைக்காலத்தில் தொன்லே சாப் ஏரி பல மடங்கு விரிந்து வயல்களை மூழ்கடிக்கும் நிலத்தில், வீட்டை உயர்த்திக் கட்டுவது தலைமுறைகளாகத் தேறிவந்த அறிவு. வீட்டின் அடியில் கிடைக்கும் நிழலில்தான் பகல் வாழ்க்கை நடக்கிறது: தூளி கட்டியிருப்பார்கள், தறி இருக்கும், மாடு கட்டியிருக்கும், பிள்ளைகள் பாடம் படிப்பார்கள். நல்ல மரத்தில் கட்டிய அத்தகைய வீடு வசதியின் அடையாளமாகவும் இருக்கலாம். மாறாக, புதிதாக எழுந்த ஒரு சிறிய கல்வீட்டின் பின்னே நிலப்பட்டாவை அடகு வைத்து வாங்கிய கடன் இருக்கலாம். குறுங்கடன் சுமை மிக அதிகமாக உள்ள நாடுகளில் கம்போடியாவும் ஒன்று. வறுமை அங்கே கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இல்லாமல், தெரியாத இடத்தில் இருக்கக்கூடும் என்பதை உணர்த்த இந்த ஒரு செய்தியே போதும்.

சாலையோரத்தில் கண்ணாடிப் புட்டிகளில் மஞ்சள் நிறத் திரவம் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். அது சில்லறையாக விற்கும் பெட்ரோல். அதே சாலையில் இளநீர் விற்கும் பெண்ணின் தள்ளுவண்டியிலும் பணம் செலுத்துவதற்கான கியூஆர் அட்டை தொங்கும். கம்போடியத் தேசிய வங்கி 2020இல் தொடங்கிய ‘பாக்கோங்’ என்னும் கட்டண முறை நாடெங்கும் பரவியிருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் காட்டும்படி வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.

மூன்றாம் படி: முதல் மாலையை எங்கே கழிப்பது

பெரும்பாலான குழுக்கள் முதல் மாலையில் ‘பப் ஸ்ட்ரீட்’ என்னும் கடைத்தெருவுக்குச் செல்கின்றன. நான் அதை ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அங்கே நாம் சந்திக்கும் கம்போடியர் அனைவரும் நமக்கு எதையாவது விற்பவராகவோ, நம்மிடம் எதையாவது கேட்பவராகவோதான் இருப்பார்கள். ஒரு நாட்டு மக்களோடு ஏற்படும் முதல் உறவு இதுவானால், பின்னர் அதைச் சரிசெய்வது மிகவும் கடினம்.

அதற்குப் பதிலாக ‘ஃபாரே’ சர்க்கஸுக்கு அழைத்துச் செல்லுங்கள். அகதி முகாமில் ஒரு பிரெஞ்சு ஓவிய ஆசிரியையிடம் வரையக் கற்ற கம்போடிய இளைஞர்கள், நாடு திரும்பியபின் 1994இல் பாட்டம்பாங் நகரில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார்கள். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் அங்கே ஓவியம், இசை, நாடகம், சர்க்கஸ் ஆகியவற்றைக் கற்கிறார்கள். அப்பள்ளியில் தேறியவர்களின் நிகழ்ச்சி 2013 முதல் சியாம் ரீப்பில் மாலைதோறும் நடைபெறுகிறது. விலங்குகள் கிடையாது, உடல்திறனும் கதையும் நேரடி இசையும்தான். ஒரு மணி நேரம் அவர்களின் திறமையைக் கண்டு வியந்து கைதட்டிவிட்டு வெளியே வருபவர், மறுநாள் காலையில் டுக்-டுக் ஓட்டுநரைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். விமானம் தாமதமானால் இந்நிகழ்ச்சியை இரண்டாம் மாலைக்கு மாற்றலாமே தவிர, கைவிட வேண்டாம்.

நான்காம் படி: பணமும் பேரமும்

அமெரிக்க டாலரும் உள்நாட்டு ரியலும் ஒருசேரப் புழங்கும் நாடு இது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 4,000 ரியல். ஒரு டாலருக்குக் குறைவான மீதியை ரியலில்தான் தருவார்கள். கிழிந்த, மை பட்ட, மடிப்பில் நைந்த டாலர் தாள்களை யாரும் வாங்கமாட்டார்கள். ஆகவே தாள்களை ஊரிலேயே ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, 1, 5, 10 டாலர் தாள்களாகப் பெரும்பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். வந்த முதல் நாளே ஆளுக்குச் சிறிது ரியல் மாற்றிக் கொடுப்பது நல்லது. டாலரில் மட்டும் செலவழிப்பவருக்கு எல்லாமே ‘ஒரு டாலர்தானே’ என்று தோன்றி, அந்தப் பணம் அங்கே உண்மையில் எவ்வளவு மதிப்புடையது என்பது புரியாமலே போய்விடும். ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளியின் சட்டப்படியான குறைந்தபட்ச மாத ஊதியம் 2025இல் 208 டாலர். இந்த எண்ணைக் குழுவினர் அனைவரும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பேரம் பேசுவது அங்கும் வழக்கம்தான். பழைய சந்தையில் சிரித்த முகத்தோடு பேசி விலை குறைத்து வாங்கலாம். குரலை உயர்த்துவதும், குழுவாக ஒரு கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்கு விலை சொல்வதும், விலை படிந்தபின் வாங்காமல் நகர்வதும் அங்கே பெரும் அவமதிப்பாகும். வாடகை வண்டிக்குக் கைப்பேசிச் செயலியில் காட்டும் கட்டணத்தையே கொடுங்கள். நாள் முழுவதும் உடன் வரும் ஓட்டுநருக்கு முன்னரே பேசிய தொகைக்கு மேல் சிறிது சேர்த்துக் கொடுப்பது நல்ல மரபு. வயதில் மூத்தவரை ‘போங்’ என்று அழைத்தால் மகிழ்வார்கள்; நாம் அண்ணன், அக்கா என்பது போலத்தான். இரு கை கூப்பி வணங்கும் வழக்கம் அவர்களுக்கும் உண்டு. கைகளை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவு மரியாதை.

ஐந்தாம் படி: கொடுப்பதைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்தல்

கோயில் வாசல்களில் அஞ்சலட்டையும் வளையலும் விற்கும் குழந்தைகள் நம் மனத்தைக் கரைப்பார்கள். அவர்களிடம் வாங்க வேண்டாம், காசும் மிட்டாயும் கொடுக்க வேண்டாம் என்பதைக் குழுவின் விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழந்தை நாள்தோறும் ஈட்டும் தொகை குடும்பத்துக்குப் பழகிவிட்டால், அக்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது குடும்பத்துக்கு இழப்பாக ஆகிவிடுகிறது. அதே பொருளைப் பக்கத்திலுள்ள பெரியவரின் கடையில் வாங்குங்கள். குழந்தையிடம் பெயர் கேட்டுச் சிரித்துப் பேசுவதில் தவறில்லை. ஆனால் அன்பு மிகுதியில் தலையைத் தடவ வேண்டாம். தலை புனிதமானது என்பது அவர்களின் நம்பிக்கை.

அடுத்ததை நான் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். பிறந்தநாளன்றும் பெற்றோரின் நினைவுநாளன்றும் குழந்தைகள் இல்லத்துக்கு ஒருவேளை உணவளிப்பது தமிழ்நாட்டில் பரவலான நல்ல வழக்கம். அந்த மனத்தோடே, பயணத்தின் நடுவில் வரும் ஒருவருடைய பிறந்தநாளை அங்குள்ள அனாதை இல்லத்தில் கொண்டாடலாம் என்று குழுவில் யாராவது நிச்சயம் முன்மொழிவார்கள். கம்போடியாவில் அதைச் செய்யக் கூடாது. அந்நாட்டு இல்லங்களில் வாழும் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதை யூனிசெஃப் அமைப்பும் கம்போடிய அரசும் வெளிப்படுத்தியுள்ளன. சுற்றுலாப் பயணிகளின் வருகையும் நன்கொடையும் பெருகப் பெருக இல்லங்களும் பெருகின. ஏழைப் பெற்றோரிடம் கல்வியைக் காட்டி ஆசையூட்டிக் குழந்தைகளைக் கொண்டுவந்து, வருவோர் முன் ஆடவும் பாடவும் வைத்த இல்லங்களும் இருந்தன. நம் ஒரு மணி நேர மகிழ்ச்சிக்காக ஒரு குழந்தை தன் குடும்பத்தை விட்டுப் பிரிந்திருக்க நாம் காரணமாகிவிடக் கூடாது. இதைப் பயணத்தின் நடுவில் சொன்னால் மனம் புண்படும். ஊரில் நடக்கும் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

கொடுக்க வேண்டும் என்னும் உந்துதல் நல்லது. அதற்கு நல்ல வழியும் சியாம் ரீப்பிலேயே இருக்கிறது. பேயாட் ரிஷ்னர் என்னும் சுவிஸ் மருத்துவர் உருவாக்கிய கந்தா போபா மருத்துவமனைகள் கம்போடியக் குழந்தைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளித்துவருகின்றன. தாமே செல்லோ வாசித்து நிகழ்ச்சிகள் நடத்தி நிதி திரட்டிய அவர் 2018இல் மறைந்தார். மருத்துவமனைகள் தொடர்ந்து இயங்குகின்றன. அங்கோர் நுழைவுச்சீட்டு ஒவ்வொன்றிலிருந்தும் 2 டாலர் அவற்றுக்குச் செல்கிறது. குழுவினர் தத்தம் பங்கைத் தலைவரிடம் சேர்த்து, ஒரே தொகையாக அங்கே கொடுத்துவிடலாம்.

ஆறாம் படி: அங்கோரில் முதல் காலை

நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62 டாலர். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம்; இல்லையெனில் அங்கோர் வாட்டின் மேல்தளத்துக்கு ஏற விடமாட்டார்கள். மேல்தளப் படிக்கட்டு மிகவும் செங்குத்தானது என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் கீழ்த்தளத்துப் புடைப்புச் சிற்பங்களையே நிதானமாகப் பார்க்கலாம். பாற்கடல் கடையும் காட்சி மட்டுமே ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளம்.

இங்கே தமிழ்க் குழுக்களுக்கே உரிய ஓர் இடர் உண்டு. அங்கோர் வாட்டைச் சோழன் கட்டினான், தமிழன் கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளை நம்பி வருவோர், உள்ளூர் வழிகாட்டியிடமே “இது எங்கள் ராஜா கட்டிய கோயில்” என்று பெருமையோடு சொல்லிவிடுகிறார்கள். அக்கோயிலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டியவன் கம்போடியாவின் கெமர் இன மன்னன் இரண்டாம் சூரியவர்மன். போரிலும் பஞ்சத்திலும் எல்லாவற்றையும் இழந்த மக்கள் தம் தேசியக் கொடியில் பொறித்து வைத்திருக்கும் ஒரே கட்டடம் அது. 2003 ஜனவரியில், அங்கோர் தாய்லாந்துக்கே உரியது என்று ஒரு தாய்லாந்து நடிகை சொன்னதாகப் பரவிய வதந்தியால் நோம் பென்னில் தாய்லாந்துத் தூதரகம் தீக்கிரையானது. அவ்வளவு ஆழமான உணர்வு அது. ஏழை நாடு என்று நாம் நினைக்கும் நாட்டின் மிகப் பெரிய செல்வத்தையும் நமதென்று உரிமை கொண்டாடுவது எத்தகைய செயல் என்பதைக் குழுவினர் உணர வேண்டும். உண்மையான உறவே நமக்குப் போதுமான பெருமை: கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது, நட்பு வேண்டிக் காம்போச (கம்போடிய) மன்னன் இராசேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு குறிக்கிறது. இவற்றை வழிகாட்டியோடு பகிர்ந்துகொண்டால் அவர் முகம் மலரும்.

தா புரோம், பண்டேய் ஸ்ரெய் போன்ற கோயில்களின் பாதையோரத்தில், கண்ணிவெடியால் கைகால்களையோ பார்வையையோ இழந்தவர்கள் மரபிசைக் கருவிகளை வாசித்துக்கொண்டு அமர்ந்திருப்பார்கள். குழுக்கள் சங்கடப்பட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டு வேகமாகக் கடந்துபோவதுதான் வழக்கம். நின்று கேளுங்கள், ஒரு பாடல் முடியும்வரை கேட்டு, கைகூப்பி வணங்கி, பெட்டியில் பணம் இடுங்கள். அவர்கள் இரந்து நிற்கவில்லை, தம் இசைக்கு உரிய மதிப்பையே எதிர்பார்க்கிறார்கள். அன்று மாலை நேரம் இருந்தால், கண்ணிவெடிகளை மோப்பம் பிடிக்கப் பெரிய எலிகளைப் பழக்கும் ‘அபோப்போ’ அமைப்பின் பார்வையாளர் மையத்துக்கும் செல்லலாம்; மகாவா என்னும் எலிக்கு 2020இல் தங்கப் பதக்கமே வழங்கப்பட்டது. வெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. தொலைவிலுள்ள கோயில்களுக்குச் செல்லும்போது நடைபாதையை விட்டு யாரும் விலகக் கூடாது.

உணவும் உடல்நலமும்

சைவ உணவினர் கவனமாக இருக்க வேண்டும். காய்கறிக் குழம்பிலும் மீன்சாறும், ‘புரஹோக்’ என்னும் புளித்த மீன் விழுதும் சேர்ந்திருக்கும். “மீன்சாறும் இறைச்சியும் வேண்டாம்” என்று கெமர் மொழியில் அச்சிட்ட சீட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். சியாம் ரீப்பில் இந்திய உணவகங்கள் உண்டு. அடைத்த தண்ணீரே குடியுங்கள். பகலில் கடிக்கும் கொசு டெங்குவைப் பரப்புவதால் காலையிலேயே மருந்து பூசிக்கொள்ளுங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாதவரைக் குழுவில் சேர்க்க வேண்டாம்.

ஏழாம் படி: புகைப்படமும் இரவுப் பேச்சும்

முதல் இரண்டு நாளும் குடிசை, குழந்தை, பிச்சை கேட்பவர் ஆகியோரின் படங்களை யாரும் குடும்பக் குழுவில் பகிர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பகிர்ந்தவுடன் “ஐயோ பாவம்” என்று ஊரிலிருந்து பதில்கள் குவியும். எடுத்தவருக்கும் அதுவே முடிந்த முடிவாகிவிடும். யாரையும் படம் எடுப்பதற்கு முன் கையால் சைகை காட்டிக் கேளுங்கள். தலையசைத்தால் மட்டும் எடுங்கள்.

இரவு உணவுக்குப் பின் அரை மணி நேரம் எல்லோரும் கூடிப் பேசுவது இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. அன்று கண்டவற்றில் ஒன்றை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்; அதைப் பற்றிய அபிப்பிராயத்தைச் சொல்லக் கூடாது. “தெரு அழுக்காக இருந்தது” என்பது அபிப்பிராயம். “சந்தையின் பின்புறம் குப்பையிலிருந்து பிளாஸ்டிக்கை ஒரு பாட்டி பிரித்துக்கொண்டிருந்தார்” என்பது கண்டது. அப்படிச் சொன்னால்தான் அந்தப் பாட்டி யார், அந்தப் பிளாஸ்டிக் எங்கே போகிறது என்று வழிகாட்டியிடம் கேட்கவும் பதில் பெறவும் முடியும். வழிகாட்டிக்கு அந்த நேரத்துக்கும் சேர்த்து ஊதியம் பேசி, அவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். அவருடைய குடும்பம் 1975இல் என்ன ஆனது என்பதை மட்டும் யாரும் கேட்க வேண்டாம். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்.

மூன்றாம் நாள்: நோம் பென்

சியாம் ரீப்பிலிருந்து தலைநகருக்கு ஆறாம் எண் தேசிய நெடுஞ்சாலையில் ஏறத்தாழ ஆறு மணி நேரம் ஆகும். சிறைச்சாலையாக மாற்றப்பட்ட பள்ளியான துவோல் ஸ்லெங்கையும், கொலைக்களமான செயுங் எக்கையும் அன்றே பார்த்து முடிக்க முயல வேண்டாம். மறுநாள் காலையில், ஓய்வெடுத்த உடலோடு செல்லுங்கள். இரு இடங்களிலும் காதில் மாட்டிக் கேட்கும் ஒலி வழிகாட்டி கிடைக்கும். ஒவ்வொருவரும் தனித்தனியே, தம் வேகத்தில் நடக்கட்டும். பத்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உள்ளே அழைத்துச் செல்ல வேண்டாம். அவர்களோடு ஒரு பெரியவர் ஆற்றங்கரையில் இருக்கலாம். அன்று மதியத்துக்கு மேல் எந்த நிகழ்ச்சியும் வைக்காமல் விட்டுவிடுங்கள்.